கோட்டுக்கு இந்தப் பக்கம்

இந்தக் குடும்பத்தில் இனிமேல் யாரும் ஒரு காசுகூட அதிகமாகச் சம்பாதிக்கக் கூடாது என்று கோட்டுக்காரர் தீர்மானம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போட்ட தீர்மானம். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"அதிகமா சம்பாதிச்சா நாம அழிஞ்சு போயிடுவோம்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இதுவரைக்கும் அந்த ஆபத்து நமக்கு வந்ததே இல்லையேங்க?"

"இப்ப வந்திருக்கு. உன் ரூபத்துல வந்திருக்கு."

கோட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். சாலையில் வெள்ளைக் கோடு போடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். நடுக்கோடு, ஓரக்கோடு, ஆட்கள் கடக்கிற பட்டைக்கோடு என்று ஊரில் பாதிக் கோடு அவர் கையால் போட்டது. அந்த வேலையில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, முதலில் சாக்பீஸ், அப்புறம்தான் பெயிண்ட். சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிடலாம். பெயிண்ட் கோட்டோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியாக வேண்டும். இரண்டு, ஈரக் கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது. மந்திரியே வந்தாலும் அரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான். இதை வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். வேலைக்குச் சேராதவர்களிடமும் சொல்வார்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிற பட்டறையில் ஏழு வருஷமாக வேலை. ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் எட்ட இருந்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண், வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வெடுப்பதில்லை என்பதுதான் கோட்டுக்காரரின் ஒரே குறை.

வீட்டில் மூன்றாவது ஆள், மூன்று வயது மகள். அவளை இருவரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் ஓடி ஓடி உழைத்தும் ஒரு நாளும் திருப்திப்படாதவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பிரச்சினை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "என்னங்க, என்னைப் பிரிவுக்குத் தலைவியாப் போடறாங்களாம்! சம்பளமும் ஏறுதாம். புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"அட, அட, அட!" என்று எழுந்தே விட்டார் கோட்டுக்காரர். பாதி எழுந்தவர் காதில் அடுத்த வரி விழுந்தது.

"காலையில ஏழு மணிக்கு அங்க இருக்கணுமாம்."

அவர் திரும்ப உட்கார்ந்தார்.

ஏழு மணி! ஏழிலிருந்து எட்டு வரைதான் கோட்டுக்காரர் மனிதராக வாழ்கிற நேரம். பால்கனியில் நாற்காலி. கையில் காபி. கீழே அவரே போட்ட பட்டைக்கோடு. எந்த வண்டி ஒழுங்காக நிற்கிறது, எது மூக்கை நீட்டுகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அதே ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குள்ளே மனைவி முதலாளியை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, தலை வாரி, ஷூ மாட்டிக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கிளப்புவாள். உள்ளே நடக்கிற சண்டை பால்கனிக் கதவைத் தாண்டி வராது. அந்தக் கதவுக்குப் போன வருஷம் புது ரப்பர் ஒட்டியவர் அவர்தான்.

இதை வெளியே சொல்ல முடியுமா? 'என் காபிக்காக உன் பதவியை விட்டுவிடு' என்று எந்தப் புருஷன் சொல்ல முடியும்? ஒரு நாள் முழுக்கத் தவித்தார். சனிக்கிழமை ராத்திரி, காப்பகத்தில் கொடுத்த தாள் ஒன்று கையில் கிடைத்தது. படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

அதில்தான் ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானம் பிறந்தது. முதலாளியின் கரும்பலகையைச் சுவரில் சாய்த்து, நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டார். நேர்த்தியான கோடு.

"இது அரசாங்கம் போட்ட கோடு. நம்ம ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க. கோட்டுக்குக் கீழே இருக்கிற வரைக்கும் காப்பகக் காசுல பெரும்பங்கை அவங்க குடுப்பாங்க. நாம இப்ப இங்க இருக்கோம்." கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன வீடு வரைந்தார். புகைபோக்கிகூட வைத்தார்.

"சரி."

"உனக்குப் பத்து கூடுதுன்னு வை. வரி நாலை எடுத்துக்கும். மிச்சம்?"

"ஆறு."

"ஆனா அந்தப் பத்தால நாம கோட்டைத் தாண்டிடறோம். காப்பகத்துக்கு வந்துக்கிட்டிருந்த எட்டு நின்னு போச்சு. ஆறு வந்து எட்டு போனா?"

"ரெண்டு நட்டம்."

"கைதட்டு!" என்றார். முதலாளி கைதட்டினாள். "இப்ப சொல்லு. காலங்கார்த்தால எழுந்து ஓடி, கூடுதலா உழைச்சு, மாசாமாசம் ரெண்டு நட்டப்படணுமா? எனக்கு உன் உடம்புதாம்மா முக்கியம்."

மனைவி கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வில்லையைத் தேய்த்து முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"யோசிக்கிறேங்க" என்று சொல்லித் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெற்றி! கோட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்கனிக்குப் போனார். எதிர்வீட்டு அக்கா பால்கனியில் ஈரத்துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பஸ் ஓட்டுகிறவர். கோட்டுக்காரர் போட்ட கோடுகளில் தினம் நாற்பது தடவை பிரேக் போடுவதால் அவர் மேல் தீராத வஞ்சம் உண்டு.

"என்ன தம்பி, முகத்துல பல்பு எரியுது?"

கோட்டுக்காரருக்கு நாக்கு அரித்தது. கணக்கு முழுவதையும் தெருவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி விளக்கினார்.

"அப்போ தங்கச்சி மேல ஏறினா, வேற யாராவது கீழ இறங்கிட்டா சரியாப் போயிடும்ல?" என்றார் அக்கா.

"ஆகா, கற்பூர புத்திக்கா உங்களுக்கு! கோட்டுக்கு ஆள் தெரியாது, தொகைதான் தெரியும். யார் ஏறினா என்ன, யார் இறங்கினா என்ன!"

அன்றைக்குக் காற்றுக்காகப் பால்கனிக் கதவு திறந்திருந்தது. ரப்பர் ஒட்டி என்ன பயன்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி கரும்பலகையை எடுத்து வந்து அதே சுவரில் அதே இடத்தில் சாய்த்தாள்.

"என்னங்க, ஒரு சந்தேகம்."

"கேள், கேள்" என்று காலை நீட்டினார் கோட்டுக்காரர்.

"கோட்டுக்கு ஆள் தெரியாது, தொகைதான் தெரியும். அப்படித்தானே?"

"நூத்துக்கு நூறு."

"அப்போ நான் பத்து ஏறுறேன்." வீட்டுக்கு மேலே ஒரு அம்பு போட்டாள். "நீங்க பத்து இறங்குறீங்க." கீழே ஒரு அம்பு. "வீடு இருந்த இடத்துலயே இருக்கு. கோட்டைத் தாண்டல. அந்த எட்டும் நிக்காது."

நீட்டிய கால் தானாக மடங்கியது. "நான் எப்படிம்மா இறங்குறது?"

"வாரத்துல ஒரு நாள் வீட்டுல இருந்தீங்கன்னா பத்து இறங்கிடும். அன்னைக்குக் காப்பகத்துக்கும் இவளை அனுப்ப வேண்டாம். அந்தக் காசும் மிச்சம்."

"ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க!"

"மழை மாசத்துல ஈர ரோட்டுல பெயிண்ட் ஒட்டாது, வேலை குறைவு, யாராவது நாலு நாள் மட்டும் வர்றீங்களான்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, எந்தப் பைத்தியக்காரன் கையெழுத்துப் போடுவான்னு போன வாரம் நீங்கதானே சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க?"

சிரித்த வாயை இப்போது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மூடிக்கொண்டார். உடனே திறந்தார்.

"சரி, மொத்தத்துல கையில வர்றது கிட்டத்தட்ட அதேதானே? அப்புறம் உனக்கு எதுக்கு இந்தப் பதவி? என்ன லாபம்?"

"லாபமா? ஏழு வருஷமா பக்கத்து மேசைக்காரர் கோணலாத் தேய்ச்ச கண்ணாடிக்கெல்லாம் நான் திட்டு வாங்கறேன். இனிமே நான் திட்டுவேன்." சொல்லும்போதே அவள் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு வருஷம். இவ பள்ளிக்கூடம் போயிடுவா. அப்போ காப்பகமும் இருக்காது, இந்தக் கோடும் இருக்காது. இன்னைக்கு வேண்டாம்னு சொன்ன வேலையை அன்னைக்கு எங்க போய்த் தேடுறது?"

வாதத்தில் இடறும்போது தொழிலில் ஒளிந்துகொள்வது கோட்டுக்காரர் வழக்கம்.

"எதையும் எடுத்த எடுப்பிலே பெயிண்ட்ல போடக் கூடாதும்மா."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். சாக்பீஸ்ல போடுவோம். ஒரு மாசம். சரிவரலைன்னா துடைச்சிடலாம், நானும் பழைய மேசைக்கே போயிடறேன்."

மாட்டிக்கொண்டார். சாக்பீஸ் வேண்டாம் என்று சொன்னால் இருபது வருஷ அனுபவத்துக்கு என்ன மரியாதை? தலையை ஆட்டினார். ஆட்டும்போதே உள்ளுக்குள் ஒரு திட்டம் முளைத்துவிட்டது. சரிவரலைன்னாத்தானே துடைக்கலாம்? சரிவராமல் செய்துவிட்டால் போச்சு!

அடுத்த வாரம் வேலையில் இறங்கினார். முதல் நாள், முதலாளிக்கு ஒரு காலில் சிவப்பு ஷூ, இன்னொரு காலில் நீல ஷூ. தலையை ஒரு பக்கம் மட்டும் வாரினார். சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டினார். காப்பகத்து டீச்சர் பதறிப் போய் மனைவிக்குப் போன் செய்வார், சாயங்காலமே சாக்பீஸ் துடைக்கப்படும் என்பது திட்டம்.

சாயங்காலம் டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார்.

"இது உங்க யோசனையா சார்?"

"மன்னிக்கணும் டீச்சர், எனக்குப் பழக்கமில்லை, இதுக்கெல்லாம் இவங்க அம்மாதான்..."

"என்ன சார், இத்தனை அடக்கம்! சிவப்பு, நீலம்னு ஷூவைக் காட்டியே இவ இன்னைக்குப் பன்னிரண்டு பிள்ளைங்களுக்கு நிறம் சொல்லிக் குடுத்துட்டா!"

மறுநாள் காப்பகத்தில் நான்கு குழந்தைகள் ஜோடி மாறிய ஷூவோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும். ஒரு தகப்பனார் இவரை வழிமறித்து, "சார், உங்களால எங்க வீட்டுல ஷூ சண்டையே ஒழிஞ்சுது" என்று கையைக் குலுக்கினார். கோட்டுக்காரர் இன்னும் மோசமாகச் செய்து பார்த்தார். ஊட்டத் தெரியாத மாதிரி நடித்தார்; முதலாளி கரண்டியைப் பிடுங்கித் தானே சாப்பிடப் பழகிவிட்டாள். தூங்க வைக்கத் தெரியாத மாதிரி நடித்தார். அவர் தூங்கிப் போனார், முதலாளி போர்த்திவிட்டாள்.

வீட்டில் இருக்கிற புதன்கிழமைகளோ வேறு தினுசு. பகல் முழுக்க இருவரும் வீட்டுத் தரையைச் சாக்பீஸ் சாலையாக்கினார்கள். சமையலறைக்குப் போகிற வழியில் பட்டைக்கோடு. மேசைக்கு அடியில் வண்டி நிறுத்துமிடம். முதலாளி தலையணை ஓட்டிக்கொண்டு வந்து கோட்டில் நிறுத்துவாள். ஊரிலேயே அவர் கோட்டை மதித்து முழுதாக நிற்கிற ஒரே ஓட்டுநர். கோட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உடனே, 'சே, நான் தோற்க வேண்டியவன்' என்று ஞாபகம் வந்து முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

ஒரு மாசம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி பட்டறையிலிருந்து வந்தாள். இப்போதெல்லாம் படியேறும்போதே பாட்டு கேட்கிறது. பக்கத்து மேசைக்காரர் தேய்க்கிற வில்லையில்கூட இப்போது கோணல் இல்லையாம்.

"என்னங்க, மாசம் முடிஞ்சுது. துடைச்சிடலாமா, பெயிண்டா?"

கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். ஏழு மணிக் காபி கண் முன்னால் ஆவி பறந்தது. 'து' என்று வாய் குவிந்தது. அப்போது முதலாளி ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நாளைக்குப் புதன்கிழமையா?"

"பெயிண்ட்" என்றார் கோட்டுக்காரர். யார் சொன்னது என்று தானே திரும்பிப் பார்த்தார்.

மனைவி சிரிக்கவில்லை. தலைவி ஆன பிறகு சிரிப்பை அடக்கப் பழகியிருந்தாள். "உங்க ஏழு மணிக் காபியைக் காப்பாத்தத்தான் அத்தனை கணக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க. பாவம், நாளைக்குக் காபியை நானே பால்கனியில வச்சிட்டுப் போறேன். நிம்மதியாக் குடிங்க."

புதன்கிழமை காலை. மனைவி கிளம்பிப் போய்விட்டாள். பால்கனியில் நாற்காலி, பக்கத்து முக்காலியில் ஆவி பறக்கிற காபி. கீழே பட்டைக்கோடு, வண்டிகள் வருகிற நேரம். கோட்டுக்காரர் ஒரு மாசத்துக்குப் பிறகு மனிதராகப் போகிறார். பேப்பர் எடுக்கக் கீழே ஓடினார். இரண்டு நிமிஷம்தான்.

திரும்பி வந்தால் பால்கனி வாசலில் முதலாளி, கையில் பிரஷ், மூக்கு நுனியில் வெள்ளை. வாசலுக்கு உள்பக்கம், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, ஒரு எட்டில் தாண்ட முடியாத அகலத்துக்கு ஒரு கோடு. அடியில் நூல் பிடித்த மாதிரி இரண்டு சாக்பீஸ் கோடுகள் தெரிந்தன. மயிரிழை கோணல் இல்லை. அது யார் கை என்று கேட்க வேண்டியதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் சப்பென்று அப்பியிருந்தது பெயிண்ட். அவர் வேலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மிச்சப் பெயிண்ட் டப்பாவின் மூடியும் தானாகத் திறந்துகொள்ளாது.

போன் அடித்தது.

"என்னங்க, காபி குடிச்சிட்டீங்களா?"

"அது... அந்தப் பக்கம் இருக்கும்மா."

"நீங்க?"

முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்பா, ஈரம்! மிதிக்கக் கூடாது! அரை மணி நேரம்!"

பெயிண்ட் காய அரை மணி நேரம் ஆகும். காபி ஆற ஐந்து நிமிஷம் போதும்.