பெண்சாதிக்காக விசாரிக்கப் போனவர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், பிலோமினாவின் பேச்சை நிறுத்தியே தீருவது என்று பர்னபாஸ் முடிவு கட்டினார்.

அதுவரை அந்தக் காரியத்தில் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. காலையில் அடுப்பு மூட்டும்போது பிலோமினா ஒரு பேச்சை ஆரம்பித்தால், அது மாதா கோயில் பூசைக்குப் போகும். அங்கிருந்து மீன் சந்தைக்குப் போகும். திரும்பிக் குசினிக்கு வந்து மத்தியானச் சோற்றோடு தட்டில் விழும். கப்பலுக்காவது நங்கூரம் உண்டு. பிலோமினாவின் பேச்சுக்கு அதுவும் கிடையாது.

பர்னபாஸ் ஒரு காலத்தில் தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய தோணியைப் பாய் பாதி, தன் தொண்டை பாதியாக ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் அந்தத் தோணி புயலில் உடைந்தது. போன ஏழு பேரில் நாலு பேர் கரை சேர்ந்தார்கள். பிலோமினாவின் தம்பி செல்வதுரை சேரவில்லை.

"ஒரே அலை. அடிச்சிட்டுப் போயிட்டு" என்றார் பர்னபாஸ், திரும்பி வந்த அன்றைக்கு. அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கடலுக்கும் போகவில்லை. துறைமுகத்தில் சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் மேஸ்திரி வேலைக்குச் சேர்ந்தார். மூட்டைகளோடு இருந்தார். மூட்டைகள் பேசாது.

அந்தக் கிட்டங்கியில்தான் எடை போடும் அற்புதமணி ஒருநாள் சொன்னான்.

"அண்ணாச்சி, கிரேட் காட்டன் ரோட்டு மாடியில ஒரு டாக்டர் வந்திருக்காரு. தாணுலிங்கம்னு பேரு. பர்மா சண்டையில மனசு கலங்குன பட்டாளத்துக்காரனுக்கெல்லாம் வைத்தியம் பாத்தவராம். இப்ப தனியா ரூம் போட்டிருக்காரு. பேச்சு வைத்தியமாம்."

பர்னபாஸுக்குக் கடைசி இரண்டு சொல்தான் காதில் விழுந்தது. இருமல் வைத்தியம் பார்த்தால் இருமல் நிற்கும். பேதி வைத்தியம் பார்த்தால் பேதி நிற்கும். பேச்சு வைத்தியம் பார்த்தால்? மாதா கண் திறந்துவிட்டாள்!

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்.

"ஏளா பிலோமி, உனக்கு உடம்பு சரியில்ல."

"எனக்கா?"

"இப்படிப் பேசுனா தொண்டை என்னத்துக்கு ஆகும்? ஒரு டாக்டர் வந்திருக்காரு. புதன்கிழமை புதன்கிழமை போனாப் போதும்."

வீடு இரண்டாகும் என்று காத்திருந்தார். பிலோமினா சுளகைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லி நான் போகாம இருப்பனா? ஆனா கூச்சமா இருக்கு. அங்கன என்ன செய்வாவ, என்ன கேப்பாவ, ஒண்ணும் தெரியாது. ஊசி கீசி போடுவாவளோ என்னவோ. நீங்க முதல்ல போயி எல்லாம் விசாரிச்சிட்டு வந்து சொல்லுங்க."

இவ்வளவு சுலபமாக மடங்குவாள் என்று அவர் நினைக்கவில்லை. புதன்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு போனார்.

மாடி அறையில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கடிகாரம். மருந்து சீசா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. டாக்டர் காதோரம் நரைத்த, மெலிந்த மனுஷர்.

"என் வீட்டுக்காரிக்காக விசாரிக்க வந்தேன். இங்கன என்ன செய்வீய?"

"கேப்பேன்."

"என்ன கேப்பீய?"

"வந்தவங்க சொல்றதை."

பர்னபாஸ் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் நிதானமாகச் சொன்னார். "முக்கால் மணி நேரம். இங்க பேசுறது இந்தக் கதவைத் தாண்டாது. புருஷன் வந்து கேட்டாலும் சரி, பெண்சாதி வந்து கேட்டாலும் சரி. பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணு. இந்த நாற்காலியில யாரு உட்கார்றாங்களோ, அவங்க விஷயந்தான் இங்க பேசுவோம்."

"பேச்சு நிக்கதுக்கு மருந்து?"

"நிக்கவா? பேச வைக்கிறதுக்குல்ல இந்த வைத்தியம்."

பர்னபாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பழைய தண்டல் அல்லவா, சரக்குக் கணக்கில் யோசித்தார். சுமையை இந்தத் துறையில் இறக்கிவிட்டால், வீடு வந்து சேரும்போது தோணி காலியாகத்தானே இருக்கும்! அதுவும் நல்லதுதான்.

"வீட்டுல அவங்க பேசுறப்ப உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "தலையில" என்று சொல்லப்போனார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.  டாக்டர் அவரை அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் பிலோமினா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அழுகை வந்தா என்ன செய்யணுமாம்? கேட்டியளா?" என்றாள்.

கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடி மாடி ஏறினார்.

"அழலாம்" என்றார் டாக்டர். "வந்த புதுசுல சிலருக்கு வலி கூடுதலாத்தான் தெரியும். புண்ணைக் கழுவுனா எரியுதுல்ல, அது மாதிரி. பயந்துரக் கூடாது."

அன்றைக்கு பர்னபாஸ், பிலோமினாவுக்கு உதவுமே என்று, கடலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். காற்றைப் பற்றி, பாய்மரம் முறிந்த சத்தத்தைப் பற்றி. வீட்டுக்கு வந்து பாதிச் சோற்றில் கை கழுவினார்.

பிலோமினா தட்டை எடுத்தாள். "இன்னும் ஒண்ணுதான். சொல்ல முடியாத ஒண்ணு மனசுல கெடந்தா, அதயும் சொல்லணுமா? அத மட்டும் கேட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் நான் போயிருதேன்."

மூன்றாவது புதன்கிழமை பர்னபாஸ் சுற்றுவழியில் போனார். படியில் இரண்டு தடவை நின்றார். கேள்வியைக் கேட்டார்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர். "சொல்ல வர்ற அன்னிக்குச் சொன்னாப் போதும்."

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டேன். பாவமே இல்லன்னுட்டாரு."

"மனசு ஆறிச்சா?"

"இல்ல."

பிறகு அவர் சொன்னார். முக்கால் மணி நேரமும் சொன்னார். துண்டு நனைந்துபோயிற்று.

வெயில் தாழும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். பிலோமினா வாசலில் வலைச்சல்லடையில் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். பர்னபாஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அலை அடிச்சிட்டுப் போகல, பிலோமி. தோணி உடைஞ்ச பெறகு நானும் செல்வதுரையும் ஒரே பலகையில கெடந்தோம். ரெண்டு நாளு. நான் கண்ண மூடுனா கைய விட்டுருவேன்னு அவன் பேசிக்கிட்டே வந்தான். ரெண்டாம் நாள் மத்தியானம் வெயில் மண்டையப் பொளக்குது. எனக்குத் தாங்கல. 'வாய மூடுலே'ன்னு கத்திட்டேன். மூடிட்டான். சாயங்காலம் திரும்பிப் பாத்தேன். பலகையில நான் மட்டுந்தான்."

அவள் அள்ளிய கருவாட்டைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் பேச்சக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அவன் கொரலு கேக்கு."

பிலோமினா கேட்டாள். "அந்த ரெண்டு நாளும் அவன் என்ன பேசுனான்?"

"எல்லாம் பேசுனான். வேம்பார்ல பாத்த பொண்ணு மூக்கு நீளம்னான். உன் கத்திரிக்காய்க் கறியில புளி கூடுதல்னான். 'அக்காகூடப் பொறந்தவன், எனக்கு வாய் வலிக்காது அத்தான்'னான்."

பிலோமினா சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க அம்ம சொல்லி அவன் வாய மூடுனதில்ல. கோயில்ல சாமியார் அதட்டி மூடுனதில்ல. நீங்க சொல்லியா மூடிருப்பான்? கை ஓஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினா பேசவில்லை. ஒரு நிமிஷம், பத்து நிமிஷம். பர்னபாஸால் தாங்க முடியவில்லை.

"ஏதாவது பேசுளா."

"என்னத்தப் பேச?"

"சரி, விசாரிப்பு எல்லாம் முடிஞ்சிட்டு. பயப்பட ஒண்ணுமில்ல. நல்ல மனுஷன். வார புதன் நீ போ."

"நான் ஆடி மாசமே மூணு தடவ போயிட்டு வந்தாச்சே."

பர்னபாஸ் நிமிர்ந்தார். "அந்த டாக்டர் ஒரு வார்த்த சொல்லலியே!"

"எப்படிச் சொல்லுவாரு? கதவத் தாண்டாதுல்லா. உங்களுக்கு வைத்தியம்னா நீங்க படி ஏற மாட்டிய. எனக்குன்னா ஏறுவிய. அதான் இப்படி ஒரு டாக்டர் இருக்காருன்னு அற்புதமணி அண்ணன் காதுல போட்டு வச்சேன்."

பர்னபாஸ் வாயைத் திறந்தார். மூன்று வாரமாக நன்றாகப் பழகிய வாய், இப்போது பார்த்து ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டது.

பிலோமினா கருவாட்டுச் சல்லடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் எங்கயும் போயிராதிய. பக்கத்து வீட்டு அம்புரோஸ் அண்ணன் வாராவ. பேச்சு வைத்தியம்னா எப்படி இருக்கும்னு வீட்டுக்காரி ஹில்டாவுக்காக உங்ககிட்ட விசாரிக்கணுமாம். பக்குவமாச் சொல்லி அனுப்பி வைங்க."