ஓர் ஆளுக்கு இரண்டு பேட்ஜ்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் உட்பட அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு, அதாவது என் மகளுக்கு, உங்கள் மருமகளுக்கு, ஆஸ்பத்திரியில் அநியாயம் நடக்கிறது. எக்ஸ்ரே பிரிவில் அவளைப் போலக் கெட்டிக்காரி உண்டா? ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் எலும்பைச் சேர்க்கும்போது பக்கத்திலேயே நின்று மெஷினை ஓட்டியவள். நேற்று மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்ப் பார்த்தால், அவளைக் கீழே இறக்கி, கைகால் படம் எடுக்கும் அறையில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் பொத்தான் அழுத்தப் போட்டிருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைக்க, அங்கே எல்லோரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். இவளுக்கு மட்டும் நெஞ்சில் ஒன்று, இடுப்பில் ஒன்று! ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகவே காலத்தை ஓட்டியவன் நான். ஓர் ஆள் இரண்டு டிக்கெட்டை நீட்டினால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும். என் பெண்மேல் சந்தேகப்பட்டுத்தானே ஒரு பேட்ஜுக்கு இன்னொரு பேட்ஜைக் காவல் வைத்திருக்கிறார்கள்? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"என்னம்மா இது?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, ரூல்ஸ். நீங்க கெளம்புங்க, ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள், சிரித்துக்கொண்டே. அவமானத்தை மறைக்கிற சிரிப்பு. பெற்றவனுக்குத் தெரியாதா? விடுவிடுவென்று தலைமை டெக்னீஷியன் அம்மாவைத் தேடிப் போய், ஒரு கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். "சார்! சிவப்பு லைட் எரியுது, உள்ள படம் எடுக்கறாங்க, போகாதீங்க!" என்று பின்னாலிருந்து குரல். அந்த அம்மாவேதான். சிவப்பு விளக்கைத் தாண்டக் கூடாதென்று ரயில்காரனுக்கே பாடம்! அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"என் பொண்ணு என்ன தப்பு பண்ணா?"

"தப்பா? அய்யோ, நல்ல விஷயம் சார். ஆனா நான் சொல்லக் கூடாது, அவதான் சொல்லணும்."

"நல்லது பண்ணவளையா கீழ எறக்குவாங்க? நாளைக்கே அவள தியேட்டருக்கு அனுப்பணும், அந்த ரெண்டாவது பேட்ஜக் கழட்டணும். இல்லேன்னா இந்த வாசல்லயே உக்காந்துடுவேன்!"

கணுக்கால் வீங்கிக் காத்திருந்த ஒரு மனிதர்கூட வலியை மறந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னால், என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுகிறாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்கிறார், குரலில் கவலை என்று ஒரு துளி இல்லை. ஆகவே உங்களைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன். கிடைத்த வண்டியைப் பிடித்து வாருங்கள். இருவருமாகப் போய் நியாயம் கேட்போம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கங்கள். வீட்டில் சின்னவர்களுக்கு ஆசிகள். பெரியவர்கள் எனக்கு ஆசி கூறுங்கள், சண்டைக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
கொதிப்பு அடங்காத உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் மகள் வந்து இதைப் பிடுங்கிப் படித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "வயித்துல குழந்தை இருக்குன்னு சொன்னதும் தியேட்டர் டியூட்டிய மாத்திட்டாங்கப்பா. ஆபீஸ்ல உடனே சொல்லிடறதுதான் நல்லது." சம்பந்தி, நாம் தாத்தா ஆகப்போகிறோம்! ஆஸ்பத்திரிக்குத் தெரியும், உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியும், அந்தக் கணுக்கால்காரர்கூட ஊகித்திருக்கிறார். நம் இருவரையும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்காரவைத்துச் சொல்ல இருந்தார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், வண்டி பிடிப்பதை மட்டும் மறக்காதீர்கள். நாளை மறுபடி அந்த அம்மாவிடம் போகிறேன், என் பெண்ணைத் தப்பித்தவறித் தியேட்டர் பக்கம் அனுப்பினால் வாசலில் உட்காருவேன் என்று சொல்ல. இடுப்பில் இருக்கிற பேட்ஜ் அவளுடையதே அல்லவாம், உள்ளே இருப்பவருடையதாம். டிக்கெட் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் பயணிகளைச் சரியாக எண்ணவில்லை.