அக்காவுக்குத் தெரியாமல் எரித்த நாற்பது ஏக்கர்

தெற்கு ஒரிகன்
செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா மார்டெலுக்கு,

தம்பி டெல்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், நாயும், வீடும், மரங்களில் மூன்றில் ஒரு பங்கும் சௌக்கியம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் அதைவிட அதிக விகிதத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிவியில் எங்கள் மலை எரிவதைப் பார்த்து நீ பயந்திருப்பாய். பயப்படாதே. அப்பா நமக்கு விட்டுப்போன நாற்பது ஏக்கரும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று கேட்பாய். கேட்காமல் விடுகிற ஆளா நீ? அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இடையில் பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

இரண்டு வருடம் முன்பு, காட்டைக் கொஞ்சம் வெட்டி, மிச்சத்துக்குத் தீ வைக்கலாமா என்று உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா காட்டுல ஒரு மரத்தத் தொட்டே, அப்புறம் உன் மூஞ்சில முழிக்கவே மாட்டேன்டா" என்றாய். தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அக்கா, தொட்டுவிட்டேன். உண்மையில் எனக்கும் அதில் விருப்பமில்லை. உன் பெயரைச் சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்றுதான் போன் செய்தேன். ஆனால் நீ கூடாது என்று சொன்ன அந்த நிமிடமே, அந்த யோசனையில் இருக்கிற நியாயமெல்லாம் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

யோசனை ரீனியுடையது. ரீனி க்ளமத் பழங்குடிப் பெண். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மற்ற நேரத்தில், ஊர்க்காரர்கள் கூடி ஒருவர் காட்டுக்கு ஒருவர் தீ வைத்துக் கொடுக்கும் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. முதல் நாள் வந்து நம் காட்டுக்குள் நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரிய பைன் மரங்களுக்கு நடுவே ஃபர் என்கிற ஊசியிலை மரங்கள் அவ்வளவு நெருக்கமாக முளைத்திருந்ததால் பாதித் தூரம் தவழ்ந்தாள். தலையில் சுள்ளியோடு வெளியே வந்து, "இத யாருங்க இப்படி வளர்த்தது?" என்றாள். நான்தான். முப்பத்தொரு வருடம் தீயணைப்பு வேலை. எங்கே புகை வந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்பது நாங்கள் படித்த வேதம். சம்பளமும், கடைசியில் ஒரு கேடயமும் வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னதாக எரிய வேண்டியதையெல்லாம் எரியவிடாமல், மொத்தமாக எரிவதற்குச் சேமித்து வைத்திருக்கிறேன். "இதே மாதிரி தீ வெச்சதுக்கு எங்க தாத்தாவ ஜெயில்ல போட்டாங்க. இப்ப எனக்கு சர்டிபிகேட் குடுக்குறாங்க. பரவால்ல, நூறு வருஷத்துல புரிஞ்சுக்கிட்டீங்களே" என்றாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

வெட்டினோம். மூன்றில் இரண்டு பங்கு மரங்களை, ஃபர்களையும் ஒல்லிப் பைன்களையும், வெட்டி, குவித்து, பனி விழுந்த பிறகு குவியல்களை எரித்தோம். அப்பாவின் பெரிய மரங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவற்றின் அடியில் ஒரு அடி உயரத்துக்குச் சேர்ந்திருந்த ஊசியிலைச் சருகை, வேர் வெந்துபோகக் கூடாதென்று, நானே மண்டிபோட்டு வாரி எடுத்தேன். என் முழங்கால் சாட்சி. பிறகு போன அக்டோபரில் தரையில் கிடந்த செத்தையைக் கொளுத்த நாள் குறித்தோம். முதல் நாள் காற்று அதிகம். இரண்டாம் நாள் ஈரம் அதிகம். மூன்றாம் நாள் எல்லாம் சரி, ஆனால் ரீனிக்கு பஸ் ஓட்ட வேண்டியிருந்தது. தீ வைக்கப் போனால் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோவது இங்கே வழக்கம். தீ இல்லை என்பதற்காகச் சாப்பாட்டை வீணாக்க முடியுமா? மூன்று நாளும் இருபத்திரண்டு பேர் நம் முற்றத்தில் உட்கார்ந்து மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட காரக்குழம்பைத் தின்றுவிட்டு, வானத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நான்காம் தடவை எல்லாம் கூடிவந்தது. ரீனி என் முதுகில் தண்ணீர்ப் பையை மாட்டி, "மண்ணச் சுரண்டிப் போட்டிருக்கற எல்லைக் கோட்டத் தாண்டி வெளிய வர்றத மட்டும் அணைங்க" என்று நிறுத்தினாள். பக்கத்து நிலத்துக் கான்ஸ்டன்ஸ், எழுபத்திநாலு வயது, நீள மூக்கு வைத்த, நெருப்பு சொட்டும் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் விடுவதுபோலத் தீ விட்டுக்கொண்டே போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவள் வைத்த தீயைக் காணோம். பின்னாலேயே போய் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அக்கா, சத்தியமாக எனக்கே தெரியாது. கை தானாகச் செய்தது. "டெல்பர்ட், நான் வெக்கறேன், நீ அணைக்கற. இப்படியே போனா கல்யாணமான மாதிரி ஆயிடும்" என்றாள் கான்ஸ்டன்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். ரீனி சிரிக்கவில்லை. பையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, போய் லாரியில் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். மரங்களுக்கு மேலே புகை எழுந்தது. அதைப் பார்த்த விரல் தானாகத் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டது. இடத்தையும், புகையின் நிறத்தையும், காற்றின் திசையையும் மிகச் சரியாகச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அது உங்க நிலம். தீ வெச்சது நீங்க. பர்மிட் என் மேஜை மேல இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். பிறகு என் செல்போனையும் ரீனி வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் என்னால் வேடிக்கையாக எழுத முடியவில்லை. மேற்கு முகட்டில் தீ மரத்தின் உச்சிக்கு உச்சி தாவி வந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூட விளையாட்டரங்கில் இரண்டு நாள், மடக்குக் கட்டிலில், அப்பாவின் மரங்களை ஒவ்வொன்றாக மனதில் எண்ணிக்கொண்டு கிடந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் யோசனை. மூன்றாம் நாள் காலை உள்ளே விட்டார்கள். முகடு முழுக்கக் கரிக்குச்சிகள். நம் வேலிவரைக்கும் அப்படித்தான். வேலி தாண்டியதும் தீ உச்சியிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது, அக்கா. தாவுவதற்குப் பக்கத்தில் மரம் இல்லை, ஏறுவதற்கு அடியில் செத்தை இல்லை. தரையோடு ஊர்ந்து, மரப்பட்டையை முழங்கால் உயரத்துக்குக் கருக்கிவிட்டு, சாலையோரம் வந்து படுத்துவிட்டது. காற்றும் அன்று கொஞ்சம் தணிந்ததாம். எல்லாப் பெருமையையும் நானே எடுத்துக்கொள்ளவில்லை. மேலே பார்த்தேன். எல்லாம் பச்சை. அப்பாவின் மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கரி ஒட்டிய சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

ஆக, உன்னிடம் பொய் சொன்னேன், சத்தியத்தை மீறினேன், உனக்குப் பாதி உரிமையுள்ள நிலத்தை உனக்குத் தெரியாமல் கொளுத்தினேன். மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திட்டு. அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு, முடிந்தால் உன்னுடைய கோபம் இல்லாமல், வளர வேண்டுகிறேன்.

உன் தம்பி,
டெல்பர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரீனி வந்தாள். பர்மிட் நகல் ஒன்றை என்னிடம் வைத்திருக்கச் சொன்னாள். நில உரிமையாளர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பர்மிட்டாம், இருவரும் போட்டிருக்கிறோம்; ரீனி நீட்டிய தாளில் நான் படிக்காமலே போட்டிருக்கிறேன். உன் கையெழுத்தில் இருக்கிற தேதி, நீ போனில் என்னைத் திட்டியதற்கு ஒன்பது நாள் முந்தியது. ரீனி முதலில் உனக்குத்தான் போன் செய்தாளாம். கூடவே நீ எழுதிய துண்டுச் சீட்டும் இருக்கிறது: "என் தம்பியிடம் நான் சம்மதித்ததைச் சொல்லாதீர்கள். நான் கூடாது என்று சொல்கிறேன். அப்போதுதான் செய்வான்." ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அத்தானுக்குச் சொன்ன வணக்கம் மட்டும் அப்படியே இருக்கட்டும். நீ இங்கே வரவே கூடாது, அக்கா. திட்டவட்டமாகச் சொல்கிறேன்: வந்துவிடாதே. இது எந்த அளவுக்கு நம் குடும்பத்து வியாதி என்று பார்ப்போம்.