மஞ்சள் பொட்டுப் பனித்துளி

பிப்ரவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கையில், ஆம்ப்ரோஸ் பெட்டிஃபர் தம் தோட்டத்தில் குப்புறப் படுத்து, மூக்கு மண்ணில் உரச, முளைக்காத ஒரு பூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஹெல்லெபோர்ச் செடி நாணித் தலைகவிழ்ந்து மலர்ந்திருந்தது. இலையற்ற விட்ச் ஹேசல் கொம்பெல்லாம் பொன்னிழை சூடியிருந்தது. வேலியோரம் பனித்துளிப் பூக்கள் ஆயிரம் இருக்கும். ஆனால் உள்ளிதழில் பச்சைக்குப் பதில் மஞ்சள் பொட்டு அணிந்த அந்த ஒற்றைப் பனித்துளி மட்டும் மண் திறந்து வரவில்லை.

அதைக் காணத்தான் அவர் தோழி ஹெஸ்டர், ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஒரு ஞாயிறன்று அவர் வாயிற்கதவைத் திறப்பாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அவர் எஞ்சிய நாளெல்லாம் அந்தக் கதவின் கிறீச்சொலிக்காகவே உயிர் தாங்கியிருந்தார்.

"என்னய்யா, மண்ணு வாசம் பிடிக்கிறியா?"

விறகு கொண்டுவந்த க்ளெம் வேலிக்கு அப்பால் நின்றான். ஹெஸ்டரின் தம்பி அவன்.

"களை பிடுங்குறேன்."

"இந்தக் குளிர்லயா? எதுனா தொலைஞ்சிருந்தா சொல்லு."

"ஒண்ணும் தொலையல."

"இல்ல, தொலைஞ்சா கேட்டு வாங்குறதுதானே நம்ம வழக்கம்."

வழக்கம் அதுதான். அரிய பனித்துளி வைத்திருப்பவர் ஒரு கிழங்கை நண்பரிடம் கொடுத்துவைப்பார். தம்முடையது அழிந்தால் அந்த நண்பரின் வீட்டுக்குப் போய்க் கேட்டு மீட்டுக்கொள்வார். ஆம்ப்ரோஸும் ஒன்பதாண்டுக்கு முன் ஹெஸ்டருக்கு ஒன்று கொடுத்திருந்தார். ஆனால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பூவைக் காக்கத் தெரியாதவர் தோட்டத்துக்கு அவள் மறுபடி ஏன் வரப்போகிறாள்?

கிழங்கு இன்னும் உறங்குகிறதோ என்று தோட்டக் கைக்கரண்டியால் தோண்டினார். கிழங்கு அகப்படவில்லை. பக்கத்து ஹெல்லெபோரின் வேர் அறுந்ததுதான் மிச்சம். மாலைக்குள் அது துவண்டு சாய்ந்தது.

வெறுங்குழி கண்ணை உறுத்தவே, வேலியோரத்துச் சாதாரணப் பனித்துளி ஒன்றைப் பெயர்த்து அதில் நட்டார். சனிக்கிழமை, மறுபடி குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, பச்சைப் பொட்டின்மேல் நீர்வண்ணத்தால் மஞ்சள் தீட்டினார். பள்ளியில் ஓவியம் கற்பித்த காலத்தில்கூட அவர் கை அத்தனை பக்தியோடு அசைந்ததில்லை.

ஞாயிறு காலை தூறல் தொடங்கியது. பதறிப்போய் ஜாம் புட்டி ஒன்றைப் பூவின்மேல் கவிழ்த்தார். புட்டிக்குள் ஆவி படிந்து, துளித்துளியாய்ச் சொட்டி, பொட்டைக் கரைத்தது. பதினொரு மணிக்கு அந்தப் பூ காமாலை கண்டாற்போல் முழு மஞ்சளாய் நின்றது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். மூன்று வெளியிதழில் ஒன்று கைக்குட்டையோடு வந்துவிட்டது.

கதவு கிறீச்சிட்டது.

ஹெஸ்டர் வழக்கம்போல் சிறு பாயை விரித்து முழந்தாளிட்டாள். ஒற்றை விரலால் பூவின் முகத்தை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த வருஷம் ரெண்டு இதழ்தான் போல."

"குளிர் ஜாஸ்தி, ஹெஸ்டர்."

"மஞ்சளும் கொஞ்சம் தாராளமா இருக்கு."

"உரம் போட்டேன்."

அவள் தன் விரல் நுனியைப் பார்த்தாள், அதுவும் மஞ்சளாயிருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா, ஆம்ப்ரோஸ்?"

கேட்க வேண்டியவை ஒன்பதாண்டாய் அவர் நெஞ்சில் அடுக்கடுக்காய்க் கிடந்தன.

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சரி," என்றாள். தேநீருக்கு நிற்கவில்லை. பாயைக்கூட எடுக்காமல் காருக்கு நடந்தாள். அவள் போன வழியில் டாஃப்னேப் பூ மட்டும் இரக்கமின்றி மணத்தது.

பாயை எடுக்க க்ளெம் வந்தான். ஆம்ப்ரோஸ் அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"பொய்னு கண்டுபிடிச்சுட்டாளா?"

க்ளெம் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"போன மார்ச்சுல நீ சர்ச்சுல பாடிட்டிருந்தப்ப உன் பூவைத் தோண்டி எடுத்துட்டுப் போனதே அவதான்யா, நீ கேட்டு வருவேன்னு வருஷம் பூரா ரெண்டு கோப்பையைக் கழுவிக் கழுவி வச்சிட்டிருந்தா."