கோழிக் கொட்டகையில் பிடித்த எதிரொலி

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அடக்கமானவர்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். கூச்சக்காரனைப் போலத் தலைக்கனம் பிடித்தவன் கிடையாது. பத்துப் பேர் முன்னால் பாடமாட்டான். ஆனால் தன் குரலுக்குப் பத்தாயிரம் பேர் உட்காரும் மண்டபம்தான் சரி என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பான். நாற்பத்தாறு வயது வரை நான் அப்படித்தான் இருந்தேன்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு லாரி எடை மேடையில் சீட்டுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கண்ணாடிக் கூண்டு, கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. (எனக்கென்றே கடவுள் படைத்த உத்தியோகம்.) மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் மார்கழி பஜனைக் குழுவில் பாட ஓர் ஆள் குறைந்தது. குழுத் தலைவர் பழனியப்பண்ணன் உர லோடு எடை போட வந்தபோது, இருபது வருஷ ஆசையை அந்த ஓட்டை வழியாகச் சொல்லியேவிட்டேன்.

"அட, நீங்க பாடுவீங்களா? ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாங்க. ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்க."

"நேர்ல வேண்டாமுங்ண்ணா. பதிவு பண்ணிக் கொண்டாரேனுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "செரி, கொண்டாங்க" என்றார்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஒரு முருகன் பாட்டைப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு. புத்தியுள்ளவன் குரலில் கோளாறு என்று நினைப்பான். நான் அறையில் கோளாறு என்று முடிவு செய்தேன்.

மகளின் பழைய லேப்டாப்பில், பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். பெரிய மண்டபம், தேவாலயம், குகை, குளியலறை என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு நாள் எல்லாவற்றையும் சோதித்தேன். தேவாலயத்தில் போட்டால், முருகன் வெளிநாட்டில் வழி தெரியாமல் நிற்பது போல இருந்தது. குகையில் முதல் அடி திரும்பி வந்து மூன்றாம் அடியை மிதித்தது. குளியலறையைக் கேட்ட என் மனைவி கவிதா, "ஏனுங்க, இதத்தான தெனமும் குளிக்கறப்ப ஓசியில கேக்கறோம்?" என்றாள்.

அப்போதாவது விட்டிருக்கலாம். ஆனால் போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு தாடிக்காரர், எந்த இடத்திலாவது ஒரு பலூனை உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தால், அந்த இடத்தின் எதிரொலியை அப்படியே பாட்டின் மேல் ஏற்றலாம் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தகுந்த இடம் தேவைப்பட்டது. கல்யாண மண்டபம் என்றால் மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். எனவே நாமக்கல் பக்கம் இருக்கும் என் மச்சான், கவிதாவின் அண்ணன், ரங்கசாமியின் கோழிப்பண்ணைக்குப் போனேன். அங்கே வயசான கோழிகளை லாரியில் ஏற்றி விற்றுவிட்டு, முந்நூறு அடி நீளக் கொட்டகை ஒன்றைக் காலியாக வைத்திருந்தார்.

சும்மா பார்க்க வந்தேன் என்று அவரிடம் சொன்னேன். பக்கவாட்டில் சுவரே இல்லாமல் வலை மட்டும் அடித்த கொட்டகையில் எதிரொலி எப்படி நிற்கும் என்று கேட்கும் அறிவு எனக்கு இல்லை. நீளம் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். அடுத்த கொட்டகையில் ஆறாயிரம் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழி மிரண்டால் முட்டை கெட்டுப்போகும் என்று, முட்டை லாரிக்காரர்கூட அந்த வாசலில் ஆரன் அடிக்கமாட்டார். அது எனக்கும் தெரியும். கலைஞனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா?

பலூன் 'பட்' என்றது. எதிரொலி ஒன்றும் வரவில்லை. சத்தம் பத்தவில்லை என்று, தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு வெடிகளைப் பையிலிருந்து எடுத்தேன். முதல் வெடிக்குப் பதிவு பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன். இரண்டாவதில் என் அலறல் பதிவானது. மூன்றாவது சுத்தமாக வந்தது.

மச்சான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்ள! என்னங்க வெடிச்சுது? டிரான்ஸ்பார்மருங்களா?"

"இல்லீங் மச்சான். எதிரொலி புடிக்கறனுங்க."

"எதப் புடிக்கறீங்க?"

"எதிரொலிங்க. பாட்டுக்கு."

அடுத்த கொட்டகையில் ஆறாயிரம் கோழிகளும் கூண்டுக்குள் எகிறிக் கத்திக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் காலை உடைத்திருப்பார். நான் தங்கச்சி புருஷன்.

"ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைய நான் என்னத்தச் சொல்றதுங்க? வாங்க, சாப்புடுவீங்க" என்றார். முட்டைக் குழம்பு. அடுத்த பத்து நாளைக்கு அந்தக் கொட்டகையில் வந்ததில் பாதி, ஓடு கட்டாத தோல் முட்டை.

நான் வீட்டுக்கு வந்து எதிரொலியை ஏற்றினேன். இயர்போனில் கேட்டால், ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு பெரிய கூட்டம் முணுமுணுத்தது. நிறைந்த சபை என்று நினைத்து எனக்கு மெய் சிலிர்த்தது. (சிலிர்த்த மெய்யைச் செருப்பால் அடிக்க வேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எட்டுப் பேர் சுற்றி உட்கார, பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். முதல் அடி முடிந்ததும் ஒருவர் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். இரண்டாம் அடியில் இன்னொருவர், "சூ, சூ" என்றார். பழனியப்பண்ணன் பாட்டை நிறுத்தினார்.

"ஏனுங், அடிக்கொருக்கா கோழி எங்கிருந்துங்க வருது?"

கொட்டகையின் எதிரொலி என்று எதுவுமே பதிவாகவில்லை, மிரண்ட கோழிகள்தான் பதிவாகியிருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மென்பொருள் பாவம், கொடுத்ததை நேர்மையாக என் குரலின் ஒவ்வொரு எழுத்தின் மேலும் பூசியிருந்தது.

"அது கெடக்குது, உடுங்க" என்றார் அவர். "கொரலு ஒண்ணும் மோசமில்லீங்க. இப்ப ஒரே ஒரு அடி பாடுங்க. நாங்கதான இருக்கறோம்."

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. இன்னொரு தரம் திறந்தேன். அதுவும் வரவில்லை.

"கோழியாச்சும் கத்துச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அந்த மார்கழியில் எனக்கு மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. இன்னும் அதே வேலைதான். மச்சான் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும், யாராவது பாடுங்கள் என்று பேச்சு வந்தால், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு மச்சான் ரொம்ப மரியாதையாக எழுந்து நின்று, "மாப்ள பாடட்டுமுங்க. பக்கத்துல பண்ணை ஏதாச்சும் இருக்குதான்னு மட்டும் ஒருக்கா பாத்துக்கங்க" என்பார்.

நாமக்கல் பக்கத்தில் பண்ணை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? அதைச் சாக்காக வைத்துத்தான் இன்னும் பாடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.