ஒத்தக்கொம்பு டாட் காமில் ஒரு துண்டு

இரண்டாயிரமாவது ஆண்டுவாக்கில் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்காவது மூட்டுவலி குறைந்திருந்தால், அந்தப் பெருமை எந்த டாக்டரையும் சேராது. கம்பம் பஸ் ஸ்டாண்டுத் துண்டுக்காரரைத்தான் சேரும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் மட்டும் அது புழங்கியது. மற்றபடி அவர் துண்டுக்காரர். தேனி பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் போட்டுவிடுவார். யாரும் கேட்டு அல்ல. தனக்காகவும் அல்ல. துண்டு விழுந்த பிறகுதான் கூட்டத்தில் கைப்பிள்ளைக்காரியையோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவரையோ தேடுவார். ஒருமுறை குறி தப்பித் துண்டு டிரைவர் சீட்டில் விழ, டிரைவரே உட்காரத் தயங்கிக் கால் மணி நேரம் நின்றதாகச் சொல்வார்கள்.

சண்டைக்குக் குறைவில்லை.

"யாருக்குய்யா எடம் போட்டிருக்க?"

"வருவாக."

"யாரு வருவாக?"

"வர்றவக வருவாக."

இதற்கு மேல் அவரிடம் எவரும் பேசி ஜெயித்ததில்லை. ஆனால் அவர் மட்டும் எந்த பஸ்ஸிலும் உட்கார்ந்ததில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே தேனி போய் வருவார்.

பிழைப்புக்கு அவர் வைத்திருந்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். நான்கு கம்ப்யூட்டர், அவற்றில் இரண்டு வேலை செய்யும். எவை இரண்டு என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். பக்கத்து அறையில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆங்கிலத்தில் கடிதம் வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவார்.

ஒருநாள் சுவரைத் தட்டாமல் நேரே ஓடி வந்தார். இணையத்தில் ஒரு பெயரை முதலில் பதிகிறவருக்கே அது சொந்தம் என்று எங்கேயோ படித்திருக்கிறார்.

"டீச்சர், இது அப்படியே நம்ம தேனி பஸ்ஸு! முன்னாடி ஓடுறவனுக்குத்தான் சீட்டு. நம்ம ஊர்க் கடைக்காரக பஸ் வந்ததே தெரியாம டீ குடிச்சிட்டு நிக்கிறாக. வெளியூர்க்காரன் எவனாச்சும் ஏறி உக்காந்துட்டா எந்திரிப்பானா?"

அன்று முதல் பள்ளத்தாக்கின் பெயர்களுக்கெல்லாம் டாட் காமில் துண்டு விழ ஆரம்பித்தது. அப்பளம், மிக்சர், திராட்சைத் தோட்டம், கல்யாண மண்டபம் எதுவும் தப்பவில்லை. எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கம்தான் வரும். பஸ் சீட்டில் துண்டு கிடக்கும் படம், கீழே 'இந்த இடத்துக்கு ஆள் வருது' என்று ஒரு வரி.

பதிந்த கையோடு அந்தந்தக் கடைக்குப் போய், "ஒங்க பேரு எங்கிட்ட பத்திரமா இருக்கு, வாங்கிக்கங்க" என்பார். கேட்பவருக்கு என்ன புரியும்? அப்பளக் கடைக்காரர், "இன்சூரன்சா? போன வாரந்தேன் ஒருத்தன் போட்டுட்டுப் போனான்" என்று ஷட்டரை இறக்கினார்.

கூடலூரில் 'ஒத்தக்கொம்பு மார்க்' காப்பித்தூள் அரைத்து விற்ற சௌந்தரம்மா மட்டும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"எம் பேரு பாக்கெட்டுல இருக்கு. டிரேட் மார்க்கும் பதிஞ்சு வச்சிருக்கேன். அதக் கம்ப்யூட்டர்ல வேற எதுக்குப்பா போடணும்?"

"இப்ப வேணாம் ஆத்தா. வேணுங்கிறப்ப வாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிர்றேன்."

இரண்டு வருடம் போனது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிடமிருந்து ஈமெயில் வந்தது. ஒத்தக்கொம்பு டாட் காம் தங்களுக்குச் சேர வேண்டும், உடனே தரவும் என்றிருந்தது. துண்டுக்காரர் சிலிர்த்துக்கொண்டார். "பாத்தீகளா டீச்சர், ஏற வந்துட்டான்! உரிய ஆளு வந்தா எந்திரிப்போம், மத்தவகளுக்குக் கிடையாதுன்னு எழுதுங்க."

நான் அதை அழகான ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தேன். அழகு கூடிப்போயிற்று. கம்பெனி வக்கீல் அதைப் பேரம் என்று புரிந்துகொண்டார்.

அடுத்து வந்தது வெளிநாட்டுத் தீர்ப்பாயத்தின் தாக்கீது. பெயரைப் பதியும்போதே, தகராறு வந்தால் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு விதிக்குக் கட்டுப்படுவேன் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமாம். யார் படித்தது? புகார் கொடுத்தவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். பெயர் அவர்களுடைய மார்க்கைப் போலவே இருக்கிறது, பதிந்தவருக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து வைத்திருக்கிறார். பதிலுக்கு இருபது நாள் கெடு.

முதல் இரண்டைப் படித்துக் காட்டியபோது, "சரிதானே" என்று தலையாட்டினார். மூன்றாவதில் முகம் சுண்டிவிட்டது.

"கெட்ட எண்ணமா? எனக்கா?"

அதற்கப்புறம் அவர் பஸ்ஸுக்கு ஓடவில்லை. இடம் போட வைத்திருந்த மூன்று துண்டுகளையும் மடித்து மானிட்டர் மேல் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கெட்ட எண்ணத்தோட போட்ட துண்டுல யாரு டீச்சர் உக்காருவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே தேனி பஸ்ஸில் இடத்துக்காகத் தினம் இரண்டு சட்டை கிழிந்துகொண்டிருந்தது.

பதிலோடு சௌந்தரம்மாவின் சாட்சிக் கடிதத்தைச் சேர்த்தால் தேவலை என்று தோன்றியது. இருவரும் கூடலூர் போனோம். துண்டுக்காரர் தாக்கீதை நீட்டினார்.

"ஆத்தா, கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் ஒங்க பேர அடிக்கப் பாக்குறான்."

சௌந்தரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பெனிக்காரர் பெயரைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எம் மகன்."

வியாபாரத்தைப் பெரிதாக்க மகன் கோயம்புத்தூரில் கம்பெனி தொடங்கியிருக்கிறான். மார்க்கை அம்மாதான் அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரிடமிருந்து பெயரைக் காப்பாற்ற நாங்கள் புறப்பட்டோமோ, அவர் அதே வீட்டுப் பிள்ளை. துண்டுக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சௌந்தரம்மா போனை எடுத்தார்.

"ஏலே, யாரு மேலடா கேசு போட்டிருக்க?"

மகன் குரல் கடை வாசல் வரை கேட்டது. "அது ஒங்களுக்குத் தெரியாதும்மா. பேரப் பிடிச்சு வச்சுக்கிட்டு ரூவா கேக்குற கூட்டம்."

"கேட்டாகளா?"

"இன்னும் கேக்கல."

"ரெண்டு வருசமாக் கேக்காதவக இனி எப்படா கேப்பாக? கேச வாபஸ் வாங்கு மொதல்ல."

கேஸ் வாபஸானது. பெயரைக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கத் துண்டுக்காரர் தயார்தான். ஆனால் கெட்ட எண்ணம் இல்லை என்று தீர்ப்பாயம் ஒரு வரி எழுதித் தருமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வாபஸான கேஸில் தீர்ப்பு கிடையாது என்று பதில் வந்தது. நல்லவர் என்று எழுதிக் கொடுக்க உலகத்தில் எந்த ஆபீசும் இல்லை போலிருக்கிறது. துண்டுகள் மானிட்டர் மேலேயே கிடந்தன.

கம்பெனி வக்கீல் கேட்ட உறுதிமொழிப் பத்திரத்தில் துண்டுக்காரரும், சாட்சியாகச் சௌந்தரம்மாவும் தேனி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சௌந்தரம்மா கூடலூரில் பஸ் ஏறி வருவதாகவும் நாங்கள் கம்பத்தில் ஏறிக்கொள்வதாகவும் ஏற்பாடு. முகூர்த்த நாள். பஸ் பிதுங்கிக்கொண்டு உள்ளே திரும்பியது. பழக்கதோஷம், துண்டுக்காரர் தோளில் கையை வைத்தார். அங்கே துண்டு இல்லை. கை சும்மா இறங்கியது.

உள்ளே நுழைந்தால், மூன்றாவது சீட்டில் சௌந்தரம்மா. பக்கத்தில் ஒத்தக்கொம்பு படம் போட்ட மஞ்சள் பை உட்கார்ந்திருக்கிறது. தாம்பூலத் தட்டோடு ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"கூடலூர்ல இருந்து கேக்குறேன். யாருக்குத்தான் ஆத்தா எடம் போட்டிருக்கீக?"

"வர்றவக வருவாக" என்றவர், எங்களைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வந்துட்டாக. உக்காருங்க தம்பி."

துண்டுக்காரர் என்னைப் பார்த்தார். "டீச்சர் உக்காரட்டும்."

"ஒங்களுக்குத்தேன் போட்டேன்" என்றார் சௌந்தரம்மா.

உட்கார்ந்தார். பஸ் சீட்டில் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதி சீட்டில் தொற்றிக்கொண்டு, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சின்னமனூர் தாண்டியபோதுதான் முதுகு சாய்ந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பியவர் தேனி வரும்வரை திரும்பவே இல்லை.

கம்பத்திலிருந்து தேனி வரை நான் நின்றுகொண்டுதான் போனேன். அன்றைக்கு எனக்குக் கால் வலிக்கவே இல்லை.