தேவநாதன் வரவழைத்த மழை

"மழைக்காடுன்னு போட்டுக்கிறீங்களே, மழை எங்க?" என்று ருக்கு கேட்டு முடிப்பதற்குள் விருந்தாளிகளின் கார் தோப்பு வாசலில் வந்து நின்றுவிட்டது.

தேவநாதன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். திருவக்கரைக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய தன் மாந்தோப்பில் இரண்டு கீற்றுக் குடிசை போட்டு, திண்டிவனம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 'மழைக்காட்டில் ஆற்றங்கரைக் குடில்' என்று இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்தவர் அவர்தான். திண்டிவனம் என்ற ஊர்ப் பெயரிலேயே வனம் இருக்கிறது, கூட மழையையும் சேர்த்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவர் நினைப்பு. ஆடி மாதம், ஆற்றில் மணல்தான் ஓடியது.

விளம்பரம் வந்து எத்தனையோ மாதமாகியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மனைவி ருக்கு கெடு வைத்துவிட்டாள். "மொத மொதல்ல வர்றாங்க. சொன்ன மூணு நாளும் தங்கணும். பாதியில கெளம்பினாங்க, நீங்க விழுப்புரத்துல எங்க அண்ணன் கடைக்குப் போய்டணும்."

மச்சான் வெற்றிவேலின் ஹார்டுவேர் கடையில், ஆணி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில், கல்யாணமான நாளிலிருந்தே தேவநாதனுக்காக ஒரு ஸ்டூல் காத்திருக்கிறது. அந்த ஸ்டூலை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

காரிலிருந்து ராஜசேகரும் அவர் மனைவி காயத்ரியும் இறங்கினார்கள். ஏதோ எஸ்டேட்டில் வேலை என்று போனில் சொல்லியிருந்தார். கூடவே இரண்டு பெரிய பெட்டிகள். இறக்கும்போது ஒரு மாதிரி புழுங்கிய வாடை அடித்தது.

"கொடி கட்டக் கயிறு இருக்குங்களா?" என்றார் காயத்ரி.

வேலையாள் முருகையன் கயிறு கொண்டுவந்தார். காயத்ரி ஸ்வெட்டரும் கம்பளியுமாக எடுத்துத் தொங்கவிட்டார். ராஜசேகர் வெட்டவெளியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சு தேவநாதனின் நெஞ்சில் தைத்தது. "மழையத் தேடறாரு, ருக்கு! யோவ் முருகையா, ஜல்தியா அந்த ஸ்பிரிங்க்ளர எடுத்தா!"

மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் மாமரத்து உச்சிக்கு ஏறியது. ஒரே சிக்கல், மோட்டார் ஓட மூணு ஃபேஸ் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் கட்டுக் காலத்தில் அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மோட்டார் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டார்கள்.

கரண்ட் மத்தியானம் வந்தது. காயத்ரி கம்பளியை மறுபக்கம் திருப்பிப் போட்ட நேரம், குடிசைமேல் சடசடவென்று கொட்டியது.

"மழைங்களா?" என்றார் ராஜசேகர், தெம்பில்லாத குரலில்.

"மழைக்காடாச்சே சார்! எந்நேரமும் இப்பிடித்தான்" என்றார் தேவநாதன் பெருமையாக.

புருஷனும் பெண்டாட்டியும் துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சாப்பாட்டுக்கு வந்தபோது இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"மழை புடிச்சிருந்தா ஏன் இப்பிடி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு சாப்புடறாங்க?" என்றாள் ருக்கு.

"ஆத்துல தண்ணி இல்ல, அதான் கொறை" என்று தேவநாதன் முடிவே கட்டிவிட்டார்.

முருகையன் டிராக்டரில் டேங்கரை மாட்டி ஆற்றில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றியதையெல்லாம் மணல் குடித்தது. தேவநாதன் விடுவாரா? கரையோரம் வாய்க்கால் வெட்டி அதில் திருப்பிவிடச் சொன்னார். தண்ணீர் வாய்க்காலில் அழகாக ஓடி, மேட்டைச் சுற்றி, நேராக விருந்தாளிகளின் குடிசைக்குள் போனது. கீழே வைத்திருந்த பெட்டி இரண்டும் ஊறிப்போயின.

ஈரத்தைக் கண்டதும் எங்கிருந்தோ தவளைகள் வேறு வந்து சேர்ந்தன. ஒன்று ராஜசேகரின் ஷூவுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"தவளைகூட வந்துடுச்சி பாத்தியா? அசல் காடு!" என்றார் தேவநாதன். அவருக்கு உள்ளூர நிஜமாகவே சந்தோஷம்.

மறுநாள் காலையில் நல்ல வெயில். காயத்ரி பெட்டியிலிருந்த அத்தனை துணியையும் முதலிலிருந்து பிழிந்து உதறிக் கொடியில் போட்டார். கடைசிச் சட்டையைப் போட்டு நிமிர்ந்தார், கரண்ட் வந்தது. மாமரம் மறுபடியும் கொட்டியது.

காயத்ரி நனைந்தபடியே நின்று புருஷனைப் பார்த்தார். ராஜசேகர் பெட்டிகளைக் காருக்குத் தூக்கினார்.

ருக்கு செல்போனை எடுத்து அண்ணன் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

தேவநாதனுக்குக் கண்முன்னால் அந்த ஸ்டூல் தெரிந்தது. ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது.

"சார், உங்கள ஏமாத்திட்டேன் சார்! அது நெஜ மழை இல்ல, மல்லாட்டைக்குப் போடற ஸ்பிரிங்க்ளரு. ஆத்துத் தண்ணி டேங்கர்ல வந்தது. இது காடும் இல்ல, என் மாந்தோப்பு. இங்க மழையே கெடயாது சார். வெயிலு மண்டைய பொளக்கும். மழை பாக்க வந்த உங்கள பேஜாரு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க!"

ராஜசேகரின் கையிலிருந்த பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. வந்ததிலிருந்து கயிற்றைத் தவிர எதையும் கேட்காத காயத்ரிதான் வாயைத் திறந்தார்.

"திண்டிவனத்துல மழைக்காடுன்னா கண்டிப்பா பொய்யாத்தான் இருக்கும்னு நம்பி, வால்பாறையிலேர்ந்து துணி காயப்போட வந்தோமுங்க!"